'உங்க கேஸ்ல ஒண்ணும் இல்லை'... சொந்த வக்கீலே விலகினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் 'ஆண்டர்ஸ்' விதி

கையில் காசில்லை. தண்டனையும் கொடுத்தாச்சு. மேல்முறையீட்டுக்கு நீதிமன்றமே ஒரு வக்கீலை நியமிக்கிறது. வழக்குக் கட்டைப் படித்த அவர், "இதுல வாதாட எதுவுமே இல்லை, விலகிக்கிறேன்" என்கிறார். அமெரிக்க நீதிமன்றங்களுக்கு இது புதுசு இல்லை.

கலிபோர்னியாவில் கஞ்சா வைத்திருந்ததாகத் தண்டனை பெற்ற சார்லி ஆண்டர்ஸுக்கு இதுதான் நடந்தது. வக்கீல் ஒரு கடிதத்தோடு ஒதுங்கிக்கொண்டார். வேறு வக்கீல் கேட்டும் கிடைக்கவில்லை. தானே மனு எழுதிய ஆண்டர்ஸ், 1959-ல் தோற்றார்.

1967 மே 8-ல் உச்ச நீதிமன்றம், 6-3 என்ற கணக்கில், 'அந்தக் கடிதம் போதாது' என்றது.

அப்போ வக்கீல் விலகவே கூடாதா?

விலகலாம். அடிப்படையே இல்லாத வாதத்தை வைப்பது தொழில் தர்மத்துக்கு எதிரானது. ஆனால், வழக்கில் ஓரளவாவது வாதிடக்கூடிய அம்சம் ஏதாவது இருந்தால், அதைக் குறிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். அதன் நகல் கட்சிக்காரருக்கும் போக வேண்டும். அவர் தன் தரப்பை எழுதலாம். பிறகு நீதிபதிகளே முழு ஆவணத்தையும் படிப்பார்கள். விஷயம் இருக்கிறது என்று தோன்றினால், வாதாட வக்கீல் கொடுத்தே ஆக வேண்டும்.

இதில் ஒரு முரண் இருக்கு. 'ஒண்ணுமே இல்லை' என்பவர், இருப்பதைப் பட்டியல் போடுவது எப்படி? எதிர்த்துத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவர்ட் கேட்டதும் இதைத்தான்.

நீதிபதிகள் ஏன் படிக்கணும்?

ஓஹியோவின் பென்சன் வழக்கைப் பாருங்க. 'தகுதி இல்லை' என்று வக்கீல் சான்று கொடுத்ததும், ஆவணங்களைப் பார்க்காமலேயே அவரைப் போக விட்டது மேல்முறையீட்டு நீதிமன்றம். பிறகு படித்தபோது, வாதிடத்தக்க அம்சங்கள் பல இருந்தன. ஜூரிக்குத் தந்த விளக்கத்திலேயே பிழை. ஒரு குற்றச்சாட்டில் தீர்ப்பே ரத்தானது. ஆனாலும் புது வக்கீல் தரவில்லை. அது தவறு என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

காசு இருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு வக்கீல் முடியாது என்றால் அடுத்தவரிடம் போவார். ஏழைக்கு அந்த ஒருவர்தான். சட்டம் படிக்காத கைதி சிறையிலிருந்து எழுதும் மனு எவ்வளவு தூரம் எடுபடும்?

இப்போ என்ன நிலை?

ஆண்டர்ஸ் முறை மட்டும்தான் வழி என்றில்லை என 2000-ல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. கலிபோர்னியாவில் வக்கீல் வழக்கின் சுருக்கத்தை மட்டும் தருவார். 'தகுதி இல்லை' என்று சொல்லவும் மாட்டார், விலகவும் மாட்டார். ஆவணத்தை நீதிமன்றம் அலசும். ஐடஹோ மாநிலமோ, இந்தக் காரணத்தைச் சொல்லி வக்கீல் விலகவே கூடாது என்று 1977-லேயே சொல்லிவிட்டது.