ஈறு வீங்கினா குடலுக்கு ஏன் தண்டனை?

ரெண்டு மாசம் முன்னாடி எங்கம்மாவுக்கு ஈறு வீங்கி ரத்தம் வந்துச்சு. எர்ணாவூர்லேர்ந்து பல் டாக்டர்கிட்ட போகச் சோம்பல்பட்டு, தெருமுனை மெடிக்கல்ல போய்ச் சொன்னேன். சீட்டு கேக்கலை. அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல், அஞ்சு நாளைக்குக் கத்தரிச்சுக் கொடுத்தாங்க. மூணாம் நாள் வீக்கம் வத்திச்சு. வயித்தால போக ஆரம்பிச்சுது. ஒரே மாசத்துல வீக்கம் திரும்பி வந்தாச்சு. "இன்னொரு அட்டை வாங்கிட்டு வாடா"ன்னாங்க அம்மா. அப்பத்தான் கோபம் வந்துச்சு. முதல்ல என் மேலதான்.

யோசிச்சுப் பாருங்க மக்களே. ஈறு நோய்க்குக் காரணம், பல்லும் ஈறும் சேர்ற இடத்துல பாசி மாதிரி படிஞ்சு கிடக்குற பாக்டீரியாக் கூட்டம். நாளாக ஆக அது காரையா இறுகிடும். மாத்திரை அந்தப் படலத்துக்குள்ள சரியா நுழையாது. சுரண்டித்தான் எடுக்கணும். அதுதான் ஸ்கேலிங். தீவிரமான சில கேசுக்கு டாக்டரே ஸ்கேலிங்கோட மாத்திரையும் எழுதுவார், அது வேற. சுத்தமே பண்ணாம மாத்திரையை மட்டும் முழுங்குறது, சாக்கடையை அள்ளாம பினாயில் ஊத்துற கதை. அந்தப் பினாயில் குடலுக்கும் போய், ஒரு தப்பும் பண்ணாத நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லுது.

"ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குறான்"னு பின்னூட்டம் வரும், தெரியும் :-) ஆனா வாய் வேற, வயிறு வேற இல்லை சாமி. தினமும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் எச்சிலை முழுங்குறோம். 2014-ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்ங்கிற ஈறு நோய்க் கிருமியை எலிகளுக்கு வாய்வழியா கொடுத்தாங்க. குடல் பாக்டீரியாக் கூட்டமே மாறிப்போச்சு. எலிதானேங்கிறீங்களா? 2018-ல அமெரிக்காவுல கல்லீரல் சுருக்க நோயாளிகளுக்கு ஈறு சிகிச்சை பண்ணினப்ப, குடல் பாக்டீரியா நிலைமையும் தேறிச்சு.

2012-ல இந்திய மருத்துவச் சங்கங்கள் ஒண்ணுகூடி, ஆன்டிபயாடிக் கண்டபடி புழங்குறதைக் கட்டுப்படுத்தணும்னு 'சென்னைப் பிரகடனம்' போட்டது நம்ம ஊர்லதான். அம்மா முழுங்கின ரெண்டு மாத்திரையும் ஷெட்யூல் எச். சீட்டில்லாம விக்கக் கூடாது. சட்டம் இருக்கு. சீட்டை நீட்டுற நாமதான் இல்லை.

"சுத்தம் பண்ணா பல்லு ஆடும்"னு பயமுறுத்துவாங்க. ஆட வைக்கிறது ஸ்கேலிங் இல்லை, ஈறு நோய். காரை அதை மறைச்சு வச்சிருக்கும், அவ்வளவுதான்.

விம்கோ நகர்ல மெட்ரோ ஏறுங்க. கோட்டை ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. அம்மாவை அங்கதான் கூட்டிட்டுப் போனேன். மெடிக்கலுக்குப் போறதுக்கு முன்னாடியே போயிருக்கணும்.