எழுபது வளைவு ஏறி வந்த கணினிகள்

மலைமேல் இருக்கும் சோளக்காட்டில் என் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் மூன்று சிபியூ, ஒரு குண்டு மானிட்டர், ஒரு பிரிண்டர் கிடக்கின்றன. சாதிச் சான்றிதழுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் விண்ணப்பம் அடித்து அடித்து ஓய்ந்தவை. சந்தைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "பழைய இரும்புக்குப் போட்டுடுங்கண்ணா, இடமாவது மிஞ்சும்" என்கிறார்கள்.

இன்னொரு மானிட்டரை ஒருமுறை அப்படிப் போட்டேன். வாங்கியவர் கடையைத் தாண்டியதுமே அதைக் கல்லால் உடைத்தார். பின்கழுத்தில் சுற்றியிருந்த செம்புக்கம்பியை உருவிக்கொண்டு, கண்ணாடியை ஓடைக்கரையில் கொட்டிவிட்டுப் போனார். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, அது பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் சாக்கு எடுத்துப் போய்ப் பொறுக்கினேன். தூள் தூளாகக் கிடந்ததை எப்படிப் பொறுக்குவது? இந்த மலையின் தண்ணீர்தான் ஐயாறாகச் சேர்ந்து, ஆகாயகங்கையில் விழுந்து, புளியஞ்சோலைக்கு இறங்குகிறது. மேலே கொட்டுவது மேலேயே நிற்காது.

சிபியூக்களைக் கொடுக்க இன்னொரு தயக்கமும் உண்டு. ஊராரின் ஆதார் நகலும் வங்கிப் புத்தக நகலும் அந்த ஹார்டு டிஸ்க்குகளில்தான் இருந்தன. டெலிட் அழுத்தினால் பெயர்தான் பட்டியலிலிருந்து போகும். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை கோப்பு அப்படியே இருக்கும். அதனால் மூன்றையும் கழற்றி, டிரில்லரால் துளைத்து வைத்திருக்கிறேன்.

இன்னும் ஓடக்கூடிய கணினியைக் கழிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதற்காகத் தூக்கிப்போட நினைத்தவர்களுக்கு லினக்ஸ் ஏற்றிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் படிக்க அது போதும். ஆனால் 2011 முதல் அரசு கொடுத்த மடிக்கணினிகளில் பேட்டரி உப்பிப்போய் வருகிறவற்றை நான் என்ன செய்வது? குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் பொருள் அது. வீட்டில் வைப்பதும் ஆபத்து, குப்பையில் போடுவதும் ஆபத்து.

சட்டம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. 2025-26க்கான இலக்கு 70 சதவீதம். ஆனால் கணக்கு எடையில். பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலையிடம் அந்த எடைக்குச் சான்றிதழ் வாங்கினால் கடமை முடிந்தது. சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சென்னையிலும் கோவையிலுமே எடை நிறைந்துவிட்டால், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கே வர யாருக்கு அவசியம்? விற்கும்போது மட்டும் அந்த எழுபது வளைவும் தயாரிப்பாளர்களுக்குத் தூரமாகத் தெரியவில்லையே.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாவட்ட நிர்வாகமும் தயாரிப்பாளர்களைக் கேட்டால் இந்த நிலை மாறும். வருடத்துக்கு இரண்டு சந்தை நாளில் பதிவுபெற்ற ஆலையின் வண்டி ஒன்று சோளக்காட்டுக்கு வரட்டும். எடை போட்டு, ரசீது கொடுத்து, பழைய இரும்புக்காரர் தரும் விலையையாவது தரட்டும். காசு கொடுக்காவிட்டால் எங்கள் ஜனம் பழைய இரும்புக்காரரிடம்தான் போகும், அதைக் குறை சொல்ல முடியாது. வாழைத்தாரும் பலாவும் ஏற்றிய வண்டிகள் இறங்குகிற அதே சாலைதான் ஆலை வண்டிக்கும். அந்த நாள் வரை ஊரார் கொண்டுவந்து வைக்க என் பின்னறையைத் தருகிறேன். யார் வீட்டுப் பொருள், எத்தனை கிலோ என்று ஒரு நோட்டில் எழுதியும் வைக்கிறேன்.