பைபாஸில் கேமரா வரட்டும்... அதுக்கு முன்னாடி போர்டு வருமா?

ஈரோடு:

டிராபிக் போலீஸ் கை காட்டினால் வண்டியை ஓரம் கட்டி, "சார், சார்" என்று நாலு வார்த்தை கெஞ்சிப் பார்ப்பது வழக்கம். தானியங்கி கேமராவிடம் அது நடக்காது. வேகமாகப் போனால் படம் பிடிக்கும், நம்பரைப் படிக்கும், உரிமையாளர் செல்போனுக்கு மெசேஜ் அனுப்பும். டூவீலர், கார் என்றால் ரூ.1000. லாரி, பஸ் என்றால் மத்திய சட்டப்படி ரூ.2 ஆயிரத்தில் இருந்து ரூ.4 ஆயிரம் வரை போகும்.

தறி ஓட்டுகிறவருக்கும் கனி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் 1000 ரூபாய் ஒரு நாள் கூலியில் அடங்காது. இது வசூல் வேட்டை என்று ஒரு தரப்பு கொதிக்கிறது. உயிர் போனால் ஆயிரம் ரூபாயா திருப்பித் தரும் என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. ரெண்டிலுமே நியாயம் இருக்கிறது.

கோவை டாக்டர் போட்ட வழக்கு

இந்த கேமரா விவகாரத்துக்கும் கொங்கு மண்ணுக்கும் தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கோவை கங்கா ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்து சாவுகளைத் தடுக்கக் கோரி 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்கில்தான் 2024 செப்டம்பரில் முக்கிய உத்தரவு வந்தது. வேகத்தை மின்னணு கருவி மூலம் கண்காணிக்கும் சட்டப்பிரிவை (136ஏ) அமல்படுத்த என்ன செய்தீர்கள் என்று தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, மேற்கு வங்காளம், டெல்லி அரசுகள் அறிக்கை தர வேண்டும் என்று கோர்ட்டு கூறியது.

அந்தப் பிரிவு 2019 சட்டத்திருத்தத்திலேயே வந்து விட்டது. அதற்கான விதி (167ஏ) 2021 ஆகஸ்டில் வந்தது. ஆகவே இது நேற்று திடீரென்று முளைத்த திட்டம் அல்ல.

டாக்டர் ஏன் கோர்ட்டுக்குப் போனார் என்பதற்கு கணக்கே பதில் சொல்லும். மத்திய அரசு கணக்குப்படி 2022-ல் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். 100-ல் 71 சாவுக்கு அதிவேகம்தான் காரணமாகப் பதிவாகி இருக்கிறது. இறந்தவர்களில் கிட்டத்தட்ட 75 ஆயிரம் பேர் டூவீலரில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம், 64 ஆயிரத்து 105. உயிரிழப்பு 17 ஆயிரத்து 884.

சாகிறவர்களில் காரில் போகிறவரை விட எக்செல்லில் போகிறவர்தான் அதிகம். கேமராவை எதிர்க்கும்போது நாம் இதை மறந்து விடுகிறோம்.

4 நிமிஷ லாபம்

60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடி விடும். 80 என்றால் 22 மீட்டர். குறுக்கே ஒரு ஆள் வந்ததைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் இந்த தூரம் காலி. ஈரோட்டில் இருந்து பெருந்துறை சுமார் 20 கி.மீ. 50-ல் போனால் 24 நிமிஷம், 60-ல் போனால் 20 நிமிஷம். ஷிப்டுக்கு லேட் ஆகிறது என்று பறப்பதில் மிச்சம் ஆவது இவ்வளவுதான்.

அப்படியானால் ஈரோட்டில் கேமரா எங்கே வரும்? 10 லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் பெரிய நகரங்களின் முக்கிய சந்திப்புகளிலும், விபத்து ஆபத்தும் நெரிசலும் அதிகமுள்ள தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலும் வைக்க வேண்டும் என்பது விதி. ஈரோடு மாநகரம் மக்கள்தொகைக் கணக்கில் இதற்குள் வராது. ஆனால் லட்சுமி நகர், சித்தோடு, பெருந்துறை, விஜயமங்கலம் வழியாகப் போகும் சேலம்-கொச்சி தேசிய நெடுஞ்சாலை வரும். எனவே பன்னீர்செல்வம் பார்க்கில் ஊர்ந்து போகிறவர் பயப்பட வேண்டாம், பைபாஸில் பறக்கிறவர்தான் யோசிக்கணும்.

போர்டு இல்லாமல் அபராதமா?

சரி, வண்டிக்காரர்களின் கோபத்தில் என்ன நியாயம்? எந்த இடத்தில் எத்தனை கி.மீ. வேகம் என்று ரோட்டில் தெளிவாக எழுதி வைக்காமல் படம் மட்டும் பிடித்தால் அது பொறி வைப்பதுதானே!

சென்னையில் 2023 ஜூனில் இதுதான் நடந்தது. பகலில் 40 கி.மீ.க்கு மேல் போனால் ரூ.1000 என்று கருவியை வைத்ததும், அகலமான ரோட்டில் 40-ல் எப்படிப் போவது என்று எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் அந்த ஆண்டு நவம்பரில் காருக்கு 60, டூவீலருக்கு 50, ஆட்டோவுக்கு 40 என்று மாற்றினார்கள். முதலில் கருவி, பிறகு கணக்கு. தலைகீழ் வேலை.

நெடுஞ்சாலையிலும் இதே குழப்பம்தான். வேக வரம்பை உயர்த்திய மத்திய அரசின் 2018 அறிவிப்பை 2021-ல் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. கோர்ட்டுக்கும் அரசுக்கும் நடுவே எது சரியான வேகம் என்று சாதாரண டிரைவர் எங்கே போய்ப் படிப்பார்? அவருக்கு ரோட்டோர போர்டுதான் சட்டப் புத்தகம்.

பக்கத்து கேரளாவில் 2023 ஜூன் 5-ந்தேதி முதல் 726 கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கின. ஊழல் என்று எதிர்க்கட்சிகள் போர்க்கொடி தூக்கின. ஆனால் அந்த 726-ல் வேகத்தைப் பிடிப்பவை வெறும் 8. மற்றவை ஹெல்மெட், சீட் பெல்ட், சிக்னல், பார்க்கிங் ஆகியவற்றுக்கு.

கேமராவில் ஏழைக்கு சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. கொடி கட்டிய காருக்கு சல்யூட், பழைய எக்செல்லுக்கு ரசீது என்கிற கதை அங்கே செல்லாது. கேமராவுக்கு கொடி தெரியாது, நம்பர் மட்டும்தான் தெரியும்.

நோட்டீசில் என்ன இருக்கணும்?

விதியைப் படித்தால் வண்டிக்காரருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. கேமரா இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கை போர்டு கண்ணில் படும்படி வைக்க வேண்டும். கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தவறு நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் நம்பர் பிளேட் தெரியும் படம், கருவி காட்டிய வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாத நோட்டீசை எதிர்த்துக் கேட்க உரிமை உண்டு.

பெரிய வில்லங்கம் பெயர் மாற்றாத வண்டிகளில்தான். கைமாறி கைமாறி ஓடும் டூவீலர்கள் ஆர்.சி. புத்தகத்தில் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். நோட்டீஸ் போவது அவருக்கு. வண்டியை விற்று பல வருஷம் ஆனவர் அபராத மெசேஜைப் பார்த்து முழிப்பார். ஓட்டியவருக்கோ விஷயமே தெரியாது. விற்கும்போதே 29, 30-ம் படிவங்களில் கையெழுத்து போட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்றி, இப்போதைய செல் நம்பரையும் பதிந்து விட்டால் இந்தத் தலைவலி இல்லை.

பைபாஸில் போர்டு வைக்க வேண்டியது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். கேமராவுக்கு இடம் பார்ப்பதற்கு முன்னால் லட்சுமி நகரில் இருந்து விஜயமங்கலம் வரை எத்தனை இடத்தில் வேக வரம்பு போர்டு நிற்கிறது, எத்தனை போர்டு மரக்கிளைக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது என்று அதிகாரிகள் ஒரு நாள் வண்டியில் போய் எண்ணிப் பார்க்கலாம். இரவு நேரத்தில் போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது.