மாடியில் ஒரு முற்றம்

சர்வகலாசாலையின் இறுதி வருடத்திற் கட்டிடக்கலை மாணவர் வரைந்து ஒப்படைக்கும் படங்களின் கதி எல்லோரும் அறிந்ததே. பரீட்சகர் பார்ப்பார், புள்ளி இடுவார், பின்பு அவை சுருட்டப்பட்டு அலுமாரியின் மேல்தட்டை அடையும். அங்கு போய்ச் சேராமல் ஆற்றங்கரையில் எழுந்து நின்ற ஒன்றைப் பற்றி இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். கட்டிடக்கலை பயில்வோர்க்கு மட்டுமன்றி, கொழும்பில் மாடி வீட்டுக்குக் குடிபோவதா, முற்றமுள்ள வீட்டைத் தேடி ஊருக்கு வெளியே செல்வதா என்று தடுமாறும் குடும்பங்களுக்கும் இதிற் பொருள் உண்டு.

கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் சர்வகலாசாலையிற் பயின்றவர் மோசே சாப்டி. 1938இல், கார்மேல் மலைச்சரிவில் அமைந்த ஹைபா பட்டணத்திற் பிறந்து, பதினைந்தாம் வயதிற் குடும்பத்துடன் கனடாவுக்கு வந்தவர். 1959இல் அந்நாட்டு அரசாங்கத்தின் வீடமைப்புக் கூட்டுத்தாபனம் அளித்த உதவிப்பணத்தைக் கொண்டு, வட அமெரிக்க நகரங்களின் குடியிருப்புக்களைப் பார்வையிடப் புறப்பட்டார்.

அவர் கண்டவை இரண்டு வகை. புறநகரிலே தனித்தனி வீடுகள்: தோட்டம் உண்டு, காற்று உண்டு, ஆனால் விளைநிலத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவை பரந்தன, வேலைக்குச் செல்வோர் நாளின் ஒரு பகுதியை வீதியிலேயே கழித்தனர். நகரின் நடுவிலே அடுக்குமாடிக் கோபுரங்கள்: வேலைத்தலம் அருகில் இருந்தது, ஆனால் குழந்தை கால் வைக்க ஒரு முழ மண் இல்லை, கதவைத் திறந்தால் இருண்ட நடைவழி. ஊர் வளவில் வளர்ந்து பட்டணத்து மாடியிற் குடியிருக்கும் நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மக்கள் ஏன் தனி வீட்டை விரும்புகிறார்கள்? தலைக்குமேல் வானம், சிறிது மண், தமக்கென ஒரு வாசல், அயலாரின் பேச்சு காதில் விழாத தனிமை. இவற்றை மாடியிலே கொடுக்க இயலாதா? இவ்வினாவே அவருடைய ஆய்வின் உயிர். அழகிய உருவம் ஒன்றை முதலில் வரைந்துவிட்டு அதற்குள் மனிதரைத் திணிக்கும் வழக்கம் மாணவரிடையே உண்டு. பெயர்பெற்ற நிபுணரிடமும் அது இல்லாமலில்லை. சாப்டி வீட்டிலிருந்து தொடங்கினார்.

விடையை விளங்கிக்கொள்ளச் சில தீப்பெட்டிகள் போதும். அவற்றை நேராக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அது சாதாரண மாடிக் கட்டிடம். ஒவ்வொரு பெட்டியையும் கீழுள்ளதிலிருந்து சற்றுப் பின்னே தள்ளி வைத்துப் பாருங்கள். கீழ்ப்பெட்டியின் கூரை வெளியே தெரிகிறதல்லவா? அந்தக் கூரைதான் மேல்வீட்டுக்கு முற்றம். மலைச்சரிவிலுள்ள ஊர்களில் இது இயல்பாகவே அமைகிறது. சாப்டி மலையில்லாத இடத்தில் வீடுகளையே மலையாக்கினார். இப்பெட்டிகளைத் தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்து எடுத்துவந்து அடுக்கினால் செலவும் குறையும் என்பது அவர் வாதத்தின் மறுபாதி. ‘நகர வாழ்க்கைக்கு ஒரு வாதம்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1961இல் ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டது.

பின்பு பிலடெல்பியாவில் லூயி கான் என்னும் பெரும் கட்டிடக் கலைஞரிடம் வேலை பழகினார். அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டிய வான் ஜிங்கல், 1967இல் மொன்றியலில் நடைபெறவிருந்த உலகக் கண்காட்சியின் திட்டமிடலுக்கு அவரை அழைத்தார். மாணவன் ஆய்வேட்டைக் கையோடு கொண்டு சென்றான் என்று சொல்லலாம். சென் லோரன்ஸ் நதிக்கரையில் ‘ஹபிட்டாட் 67’ என்னும் குடியிருப்பு எழுந்தது. கண்காட்சி திறக்கப்பட்டபோது சாப்டிக்கு வயது இருபத்தெட்டு.

வேலை நடந்த விதம் வியப்புக்குரியது. கட்டிடத்தின் அருகிலேயே தொழிற்சாலை ஒன்றை அமைத்தார்கள். ஏறக்குறைய 38 அடி நீளமும் 17 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட கொங்கிறீற்றுப் பெட்டிகள் அங்கே வார்க்கப்பட்டன. குளியலறையும் சமையலறையும் நிலத்திலேயே உள்ளே பொருத்தப்பட்டன. பின்னர் 70 தொன்னுக்குக் குறையாத அப்பெட்டியைப் பாரந்தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தது. 354 பெட்டிகள், 158 வீடுகள், பன்னிரண்டு மாடி. ஒரே அளவான பெட்டிகளாயினும் அவற்றை ஒன்றாகவும் இரண்டாகவும் அதற்கு மேலாகவும் இணைத்தமையால், வீடுகளில் பதினைந்து வகை கிடைத்தன. மாடிகளுக்கிடையே நடப்பதற்குத் திறந்த வீதிகளும் இருந்தன.

ஆனால் கணக்கு வேறு விதமாக முடிந்தது. சாப்டி முதலிற் கேட்டது ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள், பாடசாலை, கடைகள் கொண்ட ஒரு சிற்றூரை. அரசாங்கம் அனுமதித்தது அதில் ஒரு துண்டை. ஆயிரம் வீட்டுக்குரிய தொழிற்சாலைச் செலவை 158 வீடுகள் சுமந்தன. மொத்தச் செலவு ஏறக்குறைய 220 இலட்சம் டொலர். வகுத்துப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு ஒரு இலட்சத்து நாற்பதினாயிரத்துக்கு அண்மையில் வரும். அக்காலத்தில் அது சாதாரண குடும்பத்துக்கு எட்டாத தொகை. மலிவான வீட்டுக்கு வழி சொன்னவர் விலையுயர்ந்த வீட்டைக் கட்டினார் என்று பலரும் குறை கூறினர். அச்சுக்கூடத்தில் பத்துப் பிரதி மட்டும் அடித்துவிட்டுப் புத்தகம் விலை கூடியது என்று ஆசிரியனைக் குறைகூறுவது போன்றது இது. புவேர்ட்டோ ரிக்கோவிலே தொடங்கிய அத்தகைய திட்டமும் இடைநடுவே நின்றுபோயிற்று.

குறைகள் இல்லாமலில்லை. வெளிப்பக்கம் மிகுந்த கட்டிடமாகையால் கடுங்குளிர் நாட்டில் வெப்பம் இழப்பதற்கும் மழைநீர் கசிவதற்கும் இடம் மிகுதி. பழுதுபார்க்கும் செலவு சிறிதன்று. எனினும் குடியிருந்தோர் அதனை விட்டுப் போக மனமின்றி, 1985இல் தாமே கூட்டாக வாங்கிக்கொண்டனர். 2009இல் கியூபெக் மாகாணம் அதனைப் பாரம்பரியச் சின்னமாக்கியது. இன்று செல்வர்கள் நாடும் முகவரி அது. கட்டப்படாத பெரிய திட்டத்தை 2023இல் கணினியில் முழுமையாக உருவாக்கினர்; திரையில் அதன் வீதிகளில் நடந்து பார்க்கலாம்.

நம் தலைநகரிலும் இவருடைய கைவண்ணம் உண்டு. கொழும்பு பேரை வாவிக்கரையில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் ‘அல்டேயர்’ என்னும் இரட்டைக் கோபுரம் சாப்டியின் திட்டத்தில் எழுந்ததே. அதன் உயரம் 240 மீற்றர். அதுவும் வசதி படைத்தோருக்கான மாடி வீடுதான். அவ்வழியே செல்லும் மாணவர்கள் ஒருகணம் நின்று சாய்ந்த பக்கத்தை அண்ணாந்து நோக்கட்டும். ஒரு வீட்டின் மேற்புறம் அடுத்த வீட்டுக்குத் திறந்த வெளியாகும் அந்தப் பழைய தீப்பெட்டிக் கணக்கு அங்கேயும் படிப்படியாக ஏறிச் செல்வதைக் காண்பார்கள்.