ஒரே ஒரு ஸ்பூன் கேசரி

நான் ஒரு கொலை முயற்சி செய்திருக்கிறேன். ஆயுதம்: ரவா கேசரி. இடம்: தருமபுரியில் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தி. சாட்சிகள்: அம்மா உட்பட நாற்பது பேர்.

மாட்டிக்கொண்டவன் என் கல்லூரி நண்பன். பி.காம்.மில் எனக்கு முன் பெஞ்ச். (அவன் முதுகு மறைவில்தான் மூன்று வருஷம் தூங்கினேன்.) பென்னாகரம் பக்கத்தில் கிராமம். படிப்பு முடிந்ததும் டில்லிப் பக்கம் வேலைக்குப் போய், எட்டு வருஷம் கழித்துப் பாதி உடம்போடு ஊர் திரும்பியவன்.

''கோதுமை எனக்கு ஆகாதுடா'' என்று உட்காரும்போதே சொன்னான்.

''கோதுமைதானே ஆகாது? இது ரவை!'' என்றேன், பெரிய வக்கீல் மாதிரி. ரவை எதிலிருந்து வருகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை ஸார். வெள்ளையாக இருக்கிறது, அரிசிக்குச் சித்தப்பா பையனாக இருக்கும் என்று நினைப்பு.

அவன் தயங்கினான். அதற்குள் அம்மாவே கரண்டியோடு வந்துவிட்டார். ''புது வீட்டுல இனிப்பை வேணாம்னு சொல்லக் கூடாதுப்பா. ஒரே ஒரு ஸ்பூன்...''

சாப்பிட்டான். அன்று ராத்திரி ஆரம்பித்த வாந்தியும் வயிற்றுப்போக்கும் அவனை மூன்று நாள் கட்டிலோடு கட்டிப் போட்டன. நாலாம் நாள் பார்க்கப் போனேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். ''ரவையும் கோதுமைதாண்டா'' என்றான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

* * *

அவனுக்கு இருப்பது சீலியாக் நோய். அலர்ஜி இல்லை. அஜீரணமும் இல்லை. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி வருகிறதே, பரோட்டா மாஸ்டர் மாவை வேட்டி அகலத்துக்கு வீசுகிறாரே, அந்த இழுவை குளூட்டன் தருவது.

நமக்கு அது சாப்பாடு. சீலியாக் உள்ளவர்களின் எதிர்ப்பு சக்திக்கு அது எதிரி. சண்டை நடக்கிற இடம் சிறுகுடல். குடலின் உள்சுவர் புது டர்க்கி டவல் மாதிரி பொசுபொசுவென்று இருக்க வேண்டும். அந்த இழைகள்தான் சத்தை உறிஞ்சுகின்றன. சண்டையில் இழைகள் தேய்ந்து, டவல் பழைய துண்டாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. சிலருக்கு வயிற்றுப்போக்கு. சிலருக்கு வயிற்றில் ஒரு தொல்லையும் இருக்காது. ரத்தசோகை, எலும்புத் தேய்மானம், வாய்ப்புண், ஓயாத அசதி என்று வேறு வேறு வேஷத்தில் வரும். குழந்தைகள் என்றால் வளர்த்தி நின்றுபோகும்.

இவனுக்கு வந்தது ரத்தசோகை வேஷம். இரும்புச் சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, ''டென்ஷனைக் குறைங்க'' எல்லாம் ஆயிற்று. ஒரு மேனேஜர் ''கல்யாணம் பண்ணினா சரியாப் போயிடும்'' என்றாராம். கடைசியில்தான் ஒரு டாக்டர் டி.டி.ஜி. ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பிறகு எண்டோஸ்கோப்பி விட்டு, குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சந்தேகமில்லை, சீலியாக். எட்டு வருஷம் காலையும் ராத்திரியும் எதைத் தின்று தெம்பு வரும் என்று நம்பினானோ, அந்தச் சப்பாத்திதான் ஆளைத் தின்றுகொண்டிருந்தது.

மருந்து? கிடையாது. ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு, அதுதான் மருந்து.

* * *

இதைக் கண்டுபிடிக்க உலகம் பட்ட பாடு தனிக் கதை. 1888-ல் லண்டனில் சாமுவேல் கீ என்ற டாக்டர் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். குணமாவதென்றால் சாப்பாட்டால்தான் ஆகும் என்றும் சொன்னார். எந்தச் சாப்பாடு? அதுதான் தெரியவில்லை. ஒரு குழந்தைக்குத் தினமும் படி கணக்கில் கடல் சிப்பி ஊட்டினார்கள். நன்றாகத் தேறியது. சிப்பி சீசன் முடிந்ததும் மறுபடி படுத்தது. அடுத்த சீசனில் குழந்தை சிப்பியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. (யாராக இருந்தாலும் மூடிக்கொள்வோம்.) 1924-ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ வைத்தியம் சொன்னார். பழத்தால் குழந்தைகள் பிழைத்தன. ஆனால் பிழைக்க வைத்தது பழமில்லை, ரொட்டி இல்லாததுதான் என்பது அவருக்குப் புரியவில்லை.

புரிந்துகொண்டவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை டாக்டர் வில்லெம் டிக்கே. கோதுமை மேல் அவருக்கு முன்பிருந்தே சந்தேகம். இரண்டாம் உலகப் போரில், 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் கொடும் பஞ்சம். ரொட்டி இல்லை, ஜனங்கள் டூலிப் பூச்செடிக் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். ஊரே இளைத்துச் சாக, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறின! போர் முடிந்து ரொட்டி வந்ததும் மறுபடி நோய். 1950-ல் டிக்கே இதை ஆராய்ச்சியாக எழுதி முடித்தார். நண்பனின் டாக்டர் எழுதிக் கொடுத்த பட்டியலுக்கு மூலம் அந்தப் பஞ்சம்தான்.

சரி, நம் ஊர் டாக்டர்களுக்கு ஏன் சட்டென்று இந்த ஞாபகம் வருவதில்லை? காரணம் இருக்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். வடக்கே ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு சீலியாக். தெற்கே ரத்தத்தில் அடையாளம் தெரிந்ததே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். அதே ஆய்வில் கோதுமைக் கணக்கும் உண்டு. வடக்கே ஓர் ஆள் நாளுக்கு 455 கிராம். தெற்கே 25 கிராம்! ஆனால் நோய்க்கு வழிவிடும் பரம்பரைக் கூறு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், மூன்றில் ஒருவருக்கு. அவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் வெடிமருந்து நம் வீட்டிலும் இருக்கிறது, தீக்குச்சி மட்டும் குறைவு. இப்போது ராத்திரி ஏழு மணிக்கு எந்த பஸ் ஸ்டாண்டுப் பக்கமாவது போய்ப் பாருங்கள். பரோட்டாக் கல் முன்னால் எத்தனை தீக்குச்சிகள்!

* * *

பட்டியலோடு ஊருக்கு வந்தான். சாப்பிடலாம்: அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, தினை, வரகு, மக்காச்சோளம், மரவள்ளி, பருப்பு, காய்கறி, முட்டை, மீன், கறி. ஆயாவிடம் வாசித்துக் காட்டினான்.

''இதுக்கா டில்லி வரைக்கும் போயி காசு அழுத? எங்கிட்ட கேட்டிருந்தா, களி தின்னுடான்னு ஓசியில சொல்லியிருப்பேனே!''

ஆயா சொன்னதில் விஷயம் இருக்கிறது ஸார். பென்னாகரமும் பாலக்கோடும் கேழ்வரகு தின்று வளர்ந்த பூமி. சித்தேரி மலையில் சாமை. அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்ததாகச் சொல்லும் மண். நெல்லியிலும் குளூட்டன் கிடையாது! கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். எலும்பு தேய்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? பெரிய நகரங்களில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று ஸ்டிக்கர் ஒட்டி ஒரு ரொட்டியைப் பட்டுப்புடவை விலைக்கு விற்கிறார்கள். இங்கே ஆயா நொய்யைக் கொதிக்கவிட்டு, மாவைக் கொட்டி, துடுப்பால் கிளறி, உருட்டி வைத்துவிடுகிறார். நடுவில் குழி பறித்துக் கீரைக் கடைசல். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும்.

ஆனால் இதே களியைத்தான் நாங்கள் காலேஜில் மறைத்தோம். நண்பன் ஒருநாள் டிபன் பாக்ஸில் களி கொண்டுவந்து, பயல்கள் சிரித்த சிரிப்பில் மறுநாளிலிருந்து கேன்டீன் பரோட்டாவுக்கு மாறினான். சிரித்தவர்களில் நானும் உண்டு. (குற்றப் பத்திரிகையில் இதையும் சேர்த்துக் கொள்ளவும்.) 2023-ல் நீலகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். நாங்கள் வெட்கப்பட்ட தானியம், அரசாங்க முத்திரையோடு திரும்பி வந்தது.

* * *

களி இருக்கிறதே, அப்புறம் என்ன கஷ்டம் என்கிறீர்களா? கோதுமை மாறுவேஷத்தில் வரும். ரவை, சேமியா, மைதா மூன்றும் அதன் சொந்தப் பிள்ளைகள். டின்னில் வரும் சத்து பானங்களில் பலவற்றில் பார்லியோ கோதுமையோ உண்டு. கோபி மஞ்சூரியனில் மைதா, சோயா சாஸில் கோதுமை. பீர்? பார்லி. (மன்னிக்கவும் இளைஞர்களே, நான் செய்தி சொல்பவன் மட்டும்தான்.) எல்லாவற்றையும் விடப் பெரிய ஒற்றன் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். அப்படியானால் சாம்பார், ரசம், வடை எல்லாமே சந்தேகக் கேஸ்தான். ஹோட்டல் தோசை அரிசிதான். ஆனால் அதே கல்லில் முந்தின நிமிஷம் சப்பாத்தி புரண்டிருக்கும்.

கேழ்வரகையே மில்லில் கொடுத்தால், நமக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். நண்பன் ஆயாவின் பழைய எந்திரக்கல்லைத் தூசி தட்டி எடுத்துவிட்டான். முறத்தில் புடைத்து, வேறு தானியம் பொறுக்கி, வீட்டிலேயே அரைக்கிறான். ஓவர் என்கிறீர்களா? 'குளூட்டன் இல்லாதது' என்று போட நம் நாட்டு உணவுச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். காமர்ஸ் பாஷையில் சொன்னால், லட்ச ரூபாய்க்கு இரண்டு ரூபாய். ஆடிட்டர்கூட விட்டுவிடுவார். குடல் விடாது. என் 'ஒரே ஒரு ஸ்பூன்' எந்தக் கணக்கு என்று நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்.

ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு நாளையே சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள். நோய் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்குக் கோதுமை ஒரு கெடுதலும் செய்யாது. சந்தேகம் இருந்தால் முதலில் டாக்டர், டெஸ்ட். அதுவரை வழக்கமான சாப்பாடு. கோதுமையை நிறுத்திவிட்டு டெஸ்டுக்குப் போனால் நோய் ஒளிந்துகொள்ளும். ஒருவருக்கு உறுதியானால் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் சோதித்துக் கொள்வது நல்லது.

* * *

கடைசியாக, கல்யாணம். பெண் பார்க்கப் போனால் முதலில் என்ன வரும்? அதே கேசரி!

முதல் வீட்டில், ''வேண்டாங்க'' என்று தட்டை நகர்த்தினான். பெண்ணின் மாமா முகம் சிவந்தது. ''பொண்ணைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க தம்பி. தட்டை ஏன் தள்ளுறீங்க?'' புரோக்கர் அவன் தொடையைக் கிள்ளுகிறார், சாப்பிடு என்று. பிராயச்சித்தமாக நான் எழுந்து ஐந்து நிமிஷம் சீலியாக் பிரசங்கம் செய்தேன்.

''தொத்துமா?'' என்றார் பெண்ணின் அப்பா.

''தொத்தாது.''

''பொறக்கிற கொழந்தைக்கு?''

நான் மழுப்பப் பார்த்தேன். நண்பன் முந்திக்கொண்டான். ''மத்தவங்களை விட வாய்ப்பு அதிகம்தாங்க. டெஸ்ட் பண்ணித் தெரிஞ்சுக்கலாம். வந்தாலும் சாப்பாட்டுலயே சமாளிக்கலாம்.''

''யோசிச்சுச் சொல்றோம்'' என்றார்கள். அதற்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது வீடு, காரிமங்கலம் பக்கம். இந்தத் தடவை தட்டு வருவதற்கு முன்பே அவன் சொல்லிவிட்டான். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும். பிறகு அந்தப் பெண்ணே கேட்டாள்: ''அப்ப, களி சாப்பிடுவீங்களா?''

''அதாங்க என் சாப்பாடே.''

''எங்க வீட்லயும் தெனம் ராத்திரி அதான். வந்தவங்க பார்த்தா கேவலம்னு அம்மா உள்ளே ஒளிச்சு வெச்சிருக்காங்க.''

அந்த அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனால் களி வெளியே வந்தது, கீரையோடு. பெருங்காயம் போட்டீங்களா என்று மட்டும் விசாரித்துவிட்டு இரண்டு உருண்டை சாப்பிட்டான். மாப்பிள்ளை பெண் வீட்டில் களி தின்று நிச்சயமானது, எனக்குத் தெரிந்து அந்த ஒரு கல்யாணம்தான்.

இப்போது உடம்பு தேறி, ரத்தம் ஊறி, கன்னம் வைத்துவிட்டான். எங்கள் அம்மாவும் மாறிவிட்டார். பந்தியில் யாரையும் 'ஒரே ஒரு ஸ்பூன்' என்று கட்டாயப்படுத்துவதில்லை. ''உனக்கு எது ஆகும்ப்பா?'' என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுக்கிறார்.

என் கொலை முயற்சி வழக்கு? கோர்ட்டுக்குப் போகவில்லை. நண்பனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆஜராகிறேன், அவன் வீட்டில்.

ஜெயிலுக்குப் போகாமலேயே களி தின்றுகொண்டிருக்கிறேன் ஸார்.