இலைக்கனுக்குள் குடியிருக்கும் பெயரில்லாதவர்கள்

உயர்தர உயிரியலில் இலைக்கன் பற்றி நாம் மனனம் செய்வது சுருக்கமானது. ஒரு பங்கசும் ஓர் அல்காவும் ஒன்றாக வாழ்கின்றன. பங்கசு இருப்பிடம் கொடுக்கிறது, அல்கா உணவு தயாரிக்கிறது. பரீட்சைக்கு இது போதும். ஆனால் அந்த வீட்டில் இருவர் மட்டும் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விடயம்.

பாலை, புளி மரங்களின் தண்டில் சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெள்ளையும் சாம்பலுமாகப் படர்ந்திருப்பதே இலைக்கன். மரத்துக்குத் தேமல் பிடித்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது நோயன்று. அந்தப் படலத்தின் மேலும் உள்ளேயும் வேறு பங்கசுகள் வாழ்கின்றன. சில கறுப்புப் புள்ளிகளாக வெளியே தெரியும். இவ்வாறு இலைக்கன் மீது வாழும் பங்கசுகளில் சுமார் 2000 இனங்களுக்குப் பெயர் உண்டு. வேறு சில எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளே ஒளிந்திருக்கும். இலைக்கனின் வெளிப்புறத்தைக் கிருமிநீக்கி, சிறு துண்டுகளாக்கி, ஏகார் ஊடகத்தில் வைத்தால் சில நாட்களில் அவை வெளியே வளர்ந்து வரும். வீட்டுக்காரப் பங்கசு மிக மெதுவாகவே வளர்வதால் விருந்தாளிகள் முந்திக்கொள்வார்கள்!

"இதைப் படித்து யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று வாப்பா கேட்டார். உயிரியல் படிக்கும் பிள்ளை வைத்தியராக வேண்டும் என்று ஆசைப்படும் எல்லாப் பெற்றோரும் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியை பிரியானி பரணகம இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். இலைக்கனுக்குள் ஒளிந்திருக்கும் பங்கசு உருவாக்கும் இரசாயனச் சேர்வைகள் பற்றி உலகில் வெளிவந்த முதல் ஆய்வறிக்கையின் முதலாவது ஆசிரியர் அவரே. ஆண்டு 2007. ஆய்வுகூடத்தில் புற்றுக்கலங்கள் நகர்வதைத் தடுக்கும் சேர்வையும் அதில் இருந்தது. 2018இல் களனி ஆய்வாளர்கள் நம் நாட்டுக் கண்டல் சூழலின் இலைக்கன்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பங்கசு மாதிரிகளைப் பிரித்தெடுத்தார்கள்.

ஆனால் மருந்தை மட்டும் காட்டி இந்தத் துறைக்கு வக்காலத்து வாங்க நான் விரும்பவில்லை. அந்த 2007ஆம் ஆண்டுப் பங்கசே அறிக்கையில் சாதிப் பெயரோடு நிற்கிறது. இனப் பெயர் இல்லை. ஓர் உயிரைப் புதிய இனம் என்று விபரிப்பது மெதுவான, பொறுப்பான வேலை. வித்திகளை நுணுக்குக்காட்டியில் அளக்க வேண்டும். டீஎன்ஏயை உறவினங்களோடு ஒப்பிட வேண்டும். மூலமாதிரியை ஓர் உலர்தாவரகத்தில் ஒப்படைக்க வேண்டும். 2013 முதல் பெயரைப் பதிவுசெய்து இலக்கமும் பெற வேண்டும். விவரணம் இலத்தீனில் அல்லது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் பெயர் செல்லாது. (ஆங்கிலப் பாடத்தில் தூங்குவோர் கவனிக்க.) இவ்வளவும் செய்தால்தான் வேறொருவர் அதே உயிரை மறுபடி தேடிப் பிடிக்க முடியும்.

19ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவின் துவைற்ஸ் சேகரித்த இலங்கை இலைக்கன்களை இங்கிலாந்தில் இருந்த லெய்ற்றன் ஆராய்ந்து எழுதினார். இன்று கோதமி வீரக்கோன் என்ற இலங்கைப் பெண் பல புதிய இலைக்கன் இனங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார். அடுத்தவர் வன்னியிலிருந்து ஏன் வரக்கூடாது? 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இதில் அவசரமும் உண்டு. 1990 ஒக்டோபரில் எம்மவர் வெளியேற்றப்பட்ட பின் முல்லைத்தீவு வளவுகள் பல ஆண்டுகள் காடாகிக் கிடந்தன. மீண்டு வந்தவர்கள் மரங்களை வெட்டித்தான் வீடு கட்ட முடிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு பழைய மரம் விழும்போது அதன் இலைக்கனும், அதற்குள் யாரும் பார்த்திராத பங்கசும் சேர்ந்தே போகின்றன.

ஆகவே பெற்றோரிடம் ஒரு கோரிக்கை. வளவில் பழைய மரம் வெட்ட நேர்ந்தால், இலைக்கன் படர்ந்த பட்டையில் உள்ளங்கையளவு துண்டொன்றைப் பிள்ளையிடம் கொடுத்து விடுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசி உறையே நல்லது. உறையின் மேல் மரத்தின் பெயர், ஊர், திகதி மூன்றையும் எழுதுங்கள்.