பனியன் ஊரில் தையல் பீரியட்

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு வாரம் ஒரு தையல் பீரியட் இருந்தது. டைம் டேபிளில் மட்டும். எப்போதாவது பெண்களுக்கு ஒரு வெள்ளைத் துணியில் ஓடுதையலும் சங்கிலித் தையலும் போடச் சொல்வார்கள். பையன்களுக்கு அந்த நேரம் கிரவுண்ட், கணக்கு வாத்தியார் கண்ணில் படாமல் தப்பித்தால்! பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் காலை எட்டரையிலிருந்து ஓவர்லாக் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் ஒருவருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊர் திருப்பூர் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

இப்போது பி.காம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் ப்ராசஸ் காஸ்டிங் என்று ஒரு பாடம். 'ப்ராசஸ் ஏ, ப்ராசஸ் பி, நார்மல் லாஸ் 5 சதவீதம்' என்று கணக்கு வரும். அது என்ன ப்ராசஸ், அந்த 5 சதவீதம் எங்கே போனது என்று நானும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ஒரு டெம்போவில் கட்டிங் வேஸ்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எடை போட்டு விற்கிறார்கள். அடப்பாவிகளா, இதுதான் நார்மல் லாஸ்! இருபது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பிலாவது ஒரு பொருளை யோசித்து, செய்து, சோதித்துப் பார்ப்பது முழுப் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கணக்கு, அறிவியல் மாதிரி மார்க்கோடு. இங்கிலாந்தில் 1990லிருந்து 'டிசைன் அண்ட் டெக்னாலஜி' என்று தேசியப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

இதைச் சொன்னதும் முதலில் வரும் கேள்வி எனக்குத் தெரியும். "குலக்கல்வியா?"

நியாயமான கேள்விதான். 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். வீட்டுத் தொழில் என்றால் சாதித் தொழில். பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, 1954ல் காமராஜர் வந்ததும் அது போயிற்று. நல்லவேளை. 2024ல் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழக அரசு ஏற்காததற்கும் இதே பயம்தான் காரணம். அதைக் கிண்டல் செய்கிற ஆள் நான் இல்லை. எங்கள் வீட்டிலேயே கேள்வி அதுதான். அம்மாவிடம் இதைப் பேசியபோது, "ஏங்கண்ணு, நான் பவர் டேபிள்ல முதுகொடிய உக்காந்து உன்னப் படிக்க வெச்சது, பள்ளிக்கூடத்துலயும் மிஷின் பழகறதுக்கா?" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

பத்தாவதோடு நின்று கம்பெனிக்குப் போன என் வகுப்புத் தோழன் ஒருவன் ஆறு வருடமாக ஓவர்லாக்கில் ஸ்லீவ் ஏற்றுகிறான். பயங்கர ஸ்பீடு. ஆனால் அந்த ஸ்லீவின் வளைவு ஏன் அப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அது பேட்டர்ன் மாஸ்டரின் விஷயம். கம்பெனி ஒரு ஆபரேஷனைக் கற்றுத் தருகிறது, அதற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. பள்ளி சொல்லித் தர வேண்டியது அந்த 'ஏன்'.

உதாரணம் ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. கம்பெனியில் ஒரு வட்டக் கட்டர் வைத்து 100 சதுர செ.மீ. துணியை வெட்டி எடை போடுவார்கள். 1.8 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். அந்த வட்டத்தின் ஆரம் எவ்வளவு இருக்க வேண்டும்? சுமார் 5.64 செ.மீ. வட்டத்தின் பரப்பளவைப் பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்தோமே, ஒரு துணியையாவது வெட்டினோமா? பனியன் துணியில் 50 செ.மீ. கோடு போட்டு, துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்தால் 47.5 செ.மீ. இருக்கலாம். 5 சதவீதம் சுருக்கம். கண்ணி கண்ணியாகப் பின்னிய துணி இழுவிசை போனதும் தளர்ந்து பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது. காம்பேக்டிங் எதற்கு என்பது அப்போது புரியும். இன்னும் சுவாரசியமான ஒன்று. வகுப்பில் நாற்பது பேரின் மார்பளவை எடுத்து, மூன்றே சைஸில் சட்டை தைக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். எங்கே கோடு போட்டாலும் யாராவது ஒருத்தனுக்குப் பொருந்தாது. அந்த ஒருத்தனை என்ன செய்வது என்று வகுப்பே சண்டை போடும். அந்தச் சண்டைதான் பாடம்.

நொய்யலை எதில் சேர்ப்பது? பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற ஏகப்பட்ட உப்பு வேண்டும். சாயம் துணியில் நிற்கும், உப்பு நிற்காது, மொத்தமும் தண்ணீரோடு வெளியே வரும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. எங்கள் வகுப்பில் உப்பு என்றால் சோடியம் குளோரைடு, அதோடு சரி.

இந்த யோசனை நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார் 1946 முதல் 1949 வரை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர். பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயாவை ஆரம்பித்தவரும் அவர்தான். காந்தியின் ஆதாரக் கல்வியில் பெரிய ஈடுபாடு. நூற்பு வழியாகவே கணக்கும் வரலாறும் சொல்லித் தரலாம் என்பது 1937ல் வார்தாவில் பேசப்பட்ட திட்டம். அருமையான யோசனை, ஆனால் காந்தி ஒன்று சேர்த்தார்: பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றே வாத்தியார் சம்பளம் வர வேண்டும். இந்த இடத்தில் நான் காந்தியோடு ஒத்துப்போகவில்லை (பெரிய ஆள்தான் நான் :)). விற்றாக வேண்டும் என்றதும் தப்பு செய்து பார்க்க இடமில்லாமல் போகிறது. கைமடிக்குச் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்த ஊர் இது. அதனால் வகுப்பில் செய்த எதையும் விற்கக்கூடாது என்று விதியே போட வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்படின்னா சரி" என்றார், அரை மனதாக.

சரி, யார் சொல்லித் தருவது? 2012ல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாம் சேர்த்து 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் போராடியும் பார்த்தார்கள். அரை நாள் வாத்தியாரின் பீரியடை முழு நாள் வாத்தியார் வாங்கிக்கொள்வது இயற்கைதானே. இன்னொரு பக்கம், எங்கள் தெருவில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருக்கிறார். முப்பது வருட சர்வீஸ். துணியைத் தொட்டே ஜிஎஸ்எம் சொல்வார், பத்து கூடக் குறைய இருக்காது. அவர் படித்தது ஏழாவது. எந்தப் பள்ளியும் அவரை வகுப்புக்குள் விடாது.